குடைபிடித்த வாத்துக்கு நான் சொன்ன அர்த்தம்

உங்களுக்கு வேறு வேலை இல்லையா? நானும் எதிர்வீட்டுக்காரியும் மூன்று நாள் ஏன் பேசாமல் இருந்தோம் என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அடுப்பில் ஏதாவது கரிந்துகொண்டிருக்கும், போய்ப் பாருங்கள். போகமாட்டீர்கள். சரி, உட்காருங்கள். அவளிடம் கேட்டுவிட்டேன். பேர் சொல்லாமல் சொல்லிக்கொள் என்றுவிட்டாள். பாதி கேட்டுவிட்டு எழுந்துபோய் இன்னொருத்தியிடம் சொல்வதானால் இப்போதே போய்விடுங்கள். முழுதும் கேட்டபிறகு சொல்வதைத் தடுக்க என்னால் ஆகாது.

எல்லாம் டிவியில் வந்த ஒரு பொம்மை வாத்துக்குஞ்சால் வந்த வினை. அப்போது எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற வழியில், எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி இருந்தது. சபையில் பாட்டு எடுத்துக்கொடுக்கிற வாத்தியாரின் வீடு. அவர் மனைவியைக் கொச்சம்மா என்று கூப்பிடுவோம்.

கொச்சம்மாவிடம் இரண்டு சட்டம் உண்டு. டிவி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வேத வசனம் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது. எங்களைப் போலக் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான். இருப்பதிலேயே சின்ன வசனம் எது என்று கண்டுபிடித்து, நான் முதல் ஆளாகச் சொல்லி முடித்துவிடுவேன். எனக்குப் பின்னால் இருப்பவர்கள் முழ நீளத்துக்கு மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். இரண்டாவது சட்டம், யாராவது அழுதாலோ சண்டை போட்டாலோ டிவி நிற்கும், எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊரில் தமிழும் பேசுவோம், மலையாளமும் பேசுவோம். எதில் பேசினோம் என்று பேசி முடித்தபிறகும் தெரியாது. அந்த டிவியோ பாதி நேரம் இந்தியில் பேசியது. பட்டாளத்திலிருந்து லீவில் வந்த என் மாமா எனக்கு மூன்று இந்திச் சொற்கள் சொல்லிக்கொடுத்திருந்தார். தண்ணீர், போ, சீக்கிரம். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான் இந்தி தெரிந்தவள் ஆனேன். அர்த்தம் சொல்கிறவளுக்கு முன்பாயில் நடு இடம். டிவியில் என்ன பேசினாலும் நான் ஒரு கதை சொல்வேன். யாரும் ஒரு தடவைகூடத் தப்பு என்று சொன்னதில்லை. யாருக்குத் தெரியும்?

ஒரு லீவு நாள் மத்தியானம் ஒரு மணிநேரப் பாட்டுக் கார்ட்டூன் போட்டார்கள். ஒரு வாத்துக்குஞ்சு கிழிந்த குடையைப் பிடித்துக்கொண்டு குளக்கரையில் தனியாக நடக்கிறது. அக்கரையில் தடித்த வாத்து ஒன்று நின்று பாடுகிறது. இது இக்கரையிலிருந்து திரும்பப் பாடுகிறது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் விம்ம ஆரம்பித்தாள். அவள்தான் இன்றைக்கு எதிர்வீட்டுக்காரி. அவளும் நானும் உள்ளூரிலேயே கல்யாணம் கழிந்து, ஒரே ரோட்டின் இரண்டு பக்கமும் வந்து விழுந்தோம். அன்றைக்கு அவள் சித்தி வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். அவள் அம்மா வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போய் ஒரு வருடமாகியிருந்தது. கடிதம் வருவதும் நின்றுபோயிருந்தது.

அடுக்களையிலிருந்து கொச்சம்மாவின் குரல் வந்தது. "அங்க யாருக்காக்கும் கரச்சல்? டிவிய நிறுத்தட்டா?"

நான் அவள் காதைப் பிடித்து இழுத்தேன். "ஏட்டி, வாய மூடு. அந்தப் பெரிய வாத்து அதுக்க அம்மயாக்கும். என்ன பாடுதுன்னு தெரியுமா? பள்ளிக்கூடம் தொறக்கும்போ இடவப்பாதி மழை பெய்யும்லா, அப்ப நான் வாறேன், நீ குடைய வச்சுக்கிட்டு வழியில நில்லுன்னு பாடுது."

"நெசமாட்டா?"

"இந்தி தெரிஞ்சது எனக்கா உனக்கா?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். டிவி நிற்கவில்லை. எனக்கு அது போதும். அதோடு அந்த வாத்தை நான் மறந்துவிட்டேன்.

அவள் மறக்கவில்லை. அவள் அம்மா ஐந்து வருடம் கழித்து வந்து சேர்ந்தார். அதன்பின் எங்கும் போகவில்லை. எதிர்வீட்டுக்காரி தன் மகளை அந்த வாத்துப் பாட்டின் ராகத்தில், நான் சொன்ன வார்த்தைகளைப் போட்டுத்தான் தூங்கவைத்தாள். கேட்டால், "மழை கொஞ்சம் பிந்திப்போச்சு, ஆனாலும் வாத்து சொன்னது நடந்துதுல்லா" என்பாள். நானும் ஆமாம் போடுவேன். ஆமாம் போடுவதில் என்ன செலவு?

இந்த வருடம் இடவ மாதத்தில், மழை தொடங்குகிற நேரத்தில், அவள் அம்மா இறந்துபோனார். பதினாறு கழிந்து சில நாளில் என் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தவள், காலை நீட்டிக்கொண்டு சொன்னாள். "அந்த வாத்த ஒரு தடவ பாக்கணும்போல இருக்கு. அந்த அம்ம வந்து சேருத எடம் மட்டும் பாத்தா போரும்."

அதெல்லாம் இனி எங்கே கிடைக்கும் என்று நான் வாயெடுப்பதற்குள், என் பேத்தி போனில் வாத்து, குடை, பழைய கார்ட்டூன் என்று தட்டிவிட்டாள். நெய்யாற்றின்கரைப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இந்திக்குப் பரிசு வாங்கினவள். "கிட்டிப்போச்சு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் போட்டுப் பார்ப்பது என்று அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே பேத்தி அடுக்களைக்கு வந்தாள். "அம்மூம்மே, நான் முழுசும் பாத்தேன். இதுல அம்ம வாத்தே இல்லியே."

"பின்ன அந்தத் தடிச்சது?"

"அது பாட்டு டீச்சராக்கும்."

கையில் இருந்த மரச்சீனிக் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் இழுத்தேன். "மக்கா, ஞாயிற்றுக்கிழம ஒருநாள் மட்டும் அத அம்மைன்னு சொல்லிரு."

"கள்ளம் சொல்லணுமா?"

"கள்ளமில்ல. ஒரு சின்னத் திருத்தம்."

"அப்ப நீங்களே சொல்லுங்க. நான் வாய தொறக்க மாட்டேன்."

அது இன்னும் மோசம். செத்துப்போன அம்மாவை நினைத்துக்கொண்டு ஒருத்தி வந்து உட்காருவாள். அவளிடம் இல்லாத அம்மாவைக் காட்டி நான் மறுபடியும் பொய் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அவள் இத்தனை வருடம் பாடினதெல்லாம் என் வாயிலிருந்து வந்த குப்பை என்று தெரிந்துவிடும்.

மூன்று நாள் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கிழங்குத் தோல் உரிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து துணி எடுக்கப் போவேன். துணியைப் பாதி மடித்துவிட்டு கோழியைப் பார்க்கப் போவேன். கோழிக்கே என்னைப் பார்த்து அலுத்துவிட்டது. டிவி ரிமோட்டை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். பேத்தி ரிமோட் இல்லாமலே போனை வைத்து டிவியைப் போட்டாள். ரோட்டைத் தாண்டிப் போய், "எங்க வீட்டுல நெட்டு வேல செய்யல்ல கேட்டியா" என்றேன். "எங்க வீட்டுல செய்யுது. இஞ்ச கொண்டுவந்து பாப்போம்" என்றாள். திரும்பி வந்து, சரியாகிவிட்டது என்று சொல்லியனுப்பினேன். மழைக்காலத்தில் தினமும் இரண்டு தடவை போகிற கரண்ட், அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண் சிமிட்டக்கூட இல்லை.

அவள் தலை சீவி, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். பேத்தி போட்டாள். அப்போது பார்த்தது கறுப்பு வெள்ளை டிவி. இப்போதுதான் தெரிந்தது, அந்த வாத்துக்குஞ்சு பச்சை நிறம். அது ஓட ஓடப் பின்னால் ஒரே தென்னை ஏழெட்டுத் தடவை வந்துபோனது. பாட்டு நின்றபிறகும் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஆர்மோனியம் ஒரு பக்கம் போக, தவளைகள் வேறு பக்கம் போயின.

"இதுக்காட்டா நாம அவ்வளவு வசனம் படிச்சோம்?" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தடித்த வாத்து வந்தது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு முன்னால் குனிந்தாள். பேத்தி வீட்டு உத்தரத்தைப் பார்த்தாள்.

"மக்கா, நீ சொல்லு" என்று அவள் என் பேத்தியிடம் சொன்னாள். "உனக்க அம்மூம்ம சொன்னத நான் நாப்பது வருசமா கேட்டாச்சு. படிச்ச பிள்ள வாயால ஒருதடவ கேக்கட்டு."

பேத்தி என்னைப் பார்த்தாள். நான் அர்த்தம் சொல்ல வாயைத் திறந்தேன். இத்தனை வருடமும் தங்குதடையில்லாமல் வந்த இந்தி அன்றைக்கு வரவில்லை. "சொல்லு" என்றேன் பேத்தியிடம்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "வயித்த உள்ள இழு, வாய நல்லா தொறன்னு சொல்லுது. சுதி சேரல்ல, நாளைக்கும் இப்படிப் பாடினா குளத்துல தள்ளிருவேன்னு சொல்லுது. அது டீச்சராக்கும் பாட்டி."

"அம்ம?"

"அம்ம இதுல வரல்ல."

பேத்தியே படத்தை நிறுத்தினாள். எதிர்வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். "அப்ப குடைய வச்சுக்கிட்டு நில்லுன்னு சொன்னது?"

நான் மேசையில் இருந்த சாயாவை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நான் நின்னேன் பிள்ளே. இடவப்பாதி தொடங்கின அண்ணைக்கு, பள்ளிக்கூடம் போறேன்னு சித்திகிட்ட சொல்லிட்டு, பஸ் ஸ்டாப்புல போய் நின்னேன். ஆறு நாளு. பாறசாலையில இருந்து வாற ஒவ்வொரு பஸ்ஸா பாத்தேன். அதுக்குப் பொறவுதான் எனக்குக் காய்ச்சல் வந்துது."

அந்தக் காய்ச்சல் எனக்கு நினைவிருக்கிறது. அவளைப் பார்க்கப் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவளுக்காக வாங்கி வைத்திருந்த ரஸ்க்கில் பாதியைத் தின்றுவிட்டு வந்தேன். எதனால் வந்த காய்ச்சல் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"நீ கரைஞ்சா டிவிய நிறுத்திருவாவல்லா."

"அதுக்காட்டா?"

"அதுக்குத்தான்."

அவள் எழுந்து போனாள். பாதி குடித்த சாயா மேசையில் ஆறிப்போய் இருந்தது.

மூன்று நாள். நான் கேட்டைத் திறந்தால் அவள் கதவைச் சாத்துவாள். முற்றம் பெருக்குகிற சாக்கில் ரோடுவரைக்கும் பெருக்கினேன். ஊரில் அத்தனை சுத்தமான ரோடு வேறு எங்கும் இருந்திருக்காது. அவளுக்குப் பிடித்த மீன்கறி வைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் கேட்டுவரை போய்த் திரும்பி வந்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். எனக்கு வந்ததெல்லாம் பகடியாகத்தான் வந்தது. வாயைப் பூட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். நூறுநாள் வேலைக்குப் போகிற பக்கத்துவீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நான்காம் நாள் மத்தியானம் அவளே வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. "பாதியில நிறுத்திட்டிய. மிச்சத்தப் போடு."

பேத்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அரிசியைத் தட்டிவிட்டு ரிமோட்டை எடுத்து, பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்கி, எப்படியோ வரவைத்தேன். தவளைகள் மேடை போட்டிருந்தன. பச்சை வாத்துக்குஞ்சு நடுவில் நின்று குடையை மூடிவைத்துவிட்டுப் பாடியது. தடித்த டீச்சர் ஓரமாக நின்று என்னவோ நீட்டி முழக்கியது.

"இப்ப என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

மூன்று கதை என் நாக்கு நுனிக்கு வந்தது. மூன்றும் நல்ல கதைகள். "எனக்குத் தெரியாது" என்றேன்.

"ஒண்ணுமே தெரியாதா?"

"தண்ணின்னா தெரியும். போன்னா தெரியும். சீக்கிரம்னா தெரியும்."

இரண்டு பேரும் காது கொடுத்துக் காத்திருந்தோம். கடைசிவரைக்கும் அதில் ஒன்றுதான் வந்தது. "தண்ணி" என்றேன்.

"குளத்துல பின்ன தண்ணி இல்லாம இருக்குமா?" என்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். டிவியைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்க அம்ம வந்த அண்ணைக்கு நல்ல வெயிலாக்கும். நான் குடை எடுக்கல்ல. வழியிலயும் நிக்கல்ல. அம்ம முற்றத்துல வந்து நின்னு கூப்பிடும்போ நான் கெடந்து ஒறங்கிக்கிட்டு இருந்தேன்."

"அந்த ஆறு நாளுக்கும் நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"நீ என்ன செய்வ? சாயா போடு. அண்ணைக்கு மாதிரி இனிப்பில்லாம போடாத."

சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது, வேலை முடிந்து வந்த பக்கத்துவீட்டுப் பெண்கள் மதிலுக்கு அப்பால் நின்று கூப்பிட்டார்கள். "அக்கா, பிணக்கம் தீந்துதா? எதுக்காக்கும் ரெண்டு பேரும் பிணங்கினிய?"

நான் உள்ளே போய் அவளிடம் கேட்டேன். "கேக்குதாவ. என்ன சொல்லட்டு?"

"எனக்க அம்ம காரியம் அவியகிட்ட வேண்டாம்."

"பின்ன?"

அவள் யோசித்தாள். "உனக்க கோழி ரோட்டத் தாண்டி வந்து எனக்க கீரையக் கொத்திருச்சுன்னு சொல்லு."

நான் மதிலருகே போய்ச் சொன்னேன். "வேற ஒண்ணுமில்ல கேட்டியளா. அவளுக்க கோழி ரோட்டத் தாண்டி வந்து எனக்க கீரையக் கொத்திருச்சு. கோழிய அடச்சு வைக்கச் சொன்னேன். அதுக்கு மூணு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா."

"ஏட்டி" என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.