நடுத்தூண் இல்லாத கொட்டகை

எந்த வீட்டுக்குப் போனாலும் அத்தை உள்ளே நுழைந்த பிறகுதான் கதவைத் தட்டுவாள். விரல் முட்டியால் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். என்ன மரம், காயவிட்டு இழைத்ததா பச்சையாகவே இழைத்ததா, உள்ளே பூச்சி புகுந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். சிறு வயதிலிருந்து பார்க்கிறேன், ஒரு கதவையும் விட்டதில்லை. ஒருமுறை காய்ச்சலோடு டாக்டரிடம் போனவள், எத்தனை நாளாக என்று அவர் கேட்டதற்கு, "மேஜை நல்ல மரங்க. கால்தான் சொத்தை, மாத்திடுங்க" என்று பதில் சொன்னாள்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். அவளும் மாமாவும் பெரிய மரம் அறுக்கும் மில் ஒன்றில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவர்கள். அங்கே பார்த்துப் பிடித்துப்போய்த்தான் கட்டிக்கொண்டார்கள். "கண்ணுல மரத்தூள் விழுந்திருந்த நேரம், சரியாப் பார்க்காம தலையை ஆட்டிட்டேன்" என்பாள் அத்தை. அறுக்க வந்த பெரிய மரத்தடி ஒன்று உருண்டு மாமாவின் இடுப்பு போனபிறகு அவரால் பாரம் தூக்க முடியவில்லை. அத்தை மில் வேலையை விட்டுவிட்டு, பழைய அறுவை இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டுக் கொல்லையில் நிறுத்தினாள். மில்லில் வாள் ஒரே இடத்தில் நிற்கும், தடிதான் தள்ளுவண்டியில் ஏறி அதை நோக்கிப் போகும். இதில் தலைகீழ். தடி போட்ட இடத்தில் கிடக்க, வாள் தண்டவாளத்தில் நகர்ந்து வந்து அறுக்கும். மாமா உட்கார்ந்தபடியே வாளுக்குப் பல் தீட்டித் தருவார்.

குறை ஒன்றுதான், மேலே கூரை இல்லை. கொட்டகை போட்டதற்கு முந்தைய மழைக்காலத்தில் தார்ப்பாய் கிழிந்து மோட்டார் நனைந்துபோனது. துருப்பிடித்த இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, அத்தை அதே மில்லுக்குத் தினக்கூலியாகத் திரும்பப் போனாள். "வா வா, மழை வந்தா நீயும் வருவேன்னு தெரியும்" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சிரித்தாராம். எதையும் கேலியாகச் சொல்லும் அத்தை இதை மட்டும் சிரிக்காமல் சொன்னாள். மழை ஓய்ந்ததும் அந்தக் கூலியில் மோட்டாரைச் சரிசெய்துகொண்டு கொல்லைக்கே திரும்பினாள். அடுத்த மழைக்குள் கொட்டகை போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் அந்த வாசல்தான்.

நான் அப்போது கல்லூரி முடித்து, நேர்காணலுக்கு அலைய வசதியென்று அவள் வீட்டில் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு யாராக ஆகப்போகிறேன் என்று யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவேன். கொட்டகை வேலை நடந்த நாட்களில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

தூண், உத்திரம், சட்டம் எல்லாவற்றையும் அத்தை தன் இயந்திரத்திலேயே அறுத்தாள். சுவர் கிடையாது. நெடுக்கில் பக்கத்துக்கு மூன்று தூண், மேலே தகரம், அவ்வளவுதான். மாமா நாற்காலியில் இருந்தபடி நூல்குண்டைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் நிமிரணும்" என்பார். "தூணா, நானா?" என்பாள் அத்தை.

கடைசித் தகரத்தையும் அடித்து இறங்கியபோது வானம் கறுத்திருந்தது. ஒரு தடியை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்றாள். கடப்பாரையால் நெம்பி உருட்டிக்கொண்டு வந்தோம். தடி நடுத்தூணில் மோதி நின்றது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார் மாமா. தள்ளினோம். இந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தோம். எப்படித் தள்ளினாலும் தூண் குறுக்கே நின்றது. தடி பக்கவாட்டில் உருண்டுதான் இயந்திரத்தில் ஏற வேண்டும். அந்த வழியின் நட்டநடுவில் நாங்களே ஒரு தூணை நட்டுவைத்திருந்தோம். எதிர்ப்பக்கத்திலிருந்து உருட்டலாம் என்றால் அங்கே மதில்.

அத்தை தடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, இது நம்ம கொட்டகை இல்லைங்க. மில்லுக் கொட்டகை."

மில்லில் தடி தலைமாட்டிலிருந்து நெடுக்காக வரும், பக்கத்தில் எத்தனை தூண் நின்றாலும் இடைஞ்சல் கிடையாது. வீட்டில் பக்கவாட்டில் உருட்டியே பழகியிருந்தும், கொட்டகை என்றதும் இருவர் கண்ணிலும் வந்து நின்றது பாதி ஆயுளைக் கழித்த அந்தக் கொட்டகைதான்.

"படிச்சவ, நீயாவது சொல்லக்கூடாதாடி?"

"நான் படிச்சது வணிகவியல் அத்தை."

"வியாபாரம் படுத்துக்கப் போறதுகூடத் தெரியலையே உனக்கு!"

வழி ஒன்று இருந்தது. பழைய உத்திரத்துக்கு அடியில், ஓரத்தூண் இரண்டையும் சேர்த்து, கனமான புது உத்திரம் ஒன்றைக் கொடுத்தால் நடுத்தூணை எடுத்துவிடலாம். ஆனால் அதுவரை கூரையை யார் தாங்குவது? லாரி தூக்கும் ஜாக்கி வேண்டும். அது இருந்தது பக்கத்து வீட்டில்.

பக்கத்து வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் இரவு வேலை பார்ப்பவர், பகலில் தூங்க வேண்டியவர். இயந்திரம் வந்ததிலிருந்து அவரும் அத்தையும் மதிலுக்கு மேல் பேசிக்கொண்டவற்றை அச்சில் ஏற்ற முடியாது.

"அந்த மனுஷன்கிட்டயா? அதுக்கு நான் மில்லுக்கே போயிடுவேன்" என்றாள் அத்தை. சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். அவள் இடத்தில் நான் இருந்தால் போயிருப்பேனா என்று தெரியவில்லை.

"அண்ணே, ஜாக்கி வேணும்."

"எதுக்கும்மா? என் வீட்டைத் தூக்கி அடுத்த தெருவுல வைக்கவா?"

அத்தை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மரத்துக்குன்னு கொட்டகை போட்டு, மரத்தையே உள்ள விடாத ஆளுங்களை இப்பதான் பார்க்கிறேன்." பிறகு வானத்தைப் பார்த்தார். "மழை பெஞ்சா உன் மெஷின் நிக்கும். நான் நிம்மதியாத் தூங்குறதே அன்னைக்குத்தான். இதுக்கு நானே வந்து ஜாக்கி வைக்கணுமா?"

"மத்தியானம் சாப்பிட்டதிலிருந்து பொழுது சாயுற வரைக்கும் மெஷின் ஓடாதுண்ணே. இது என் வாக்கு."

அவர் உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு ஜாக்கிகளோடு வந்தார்.

ஜாக்கி மேல் முட்டுக்கட்டை கொடுத்துக் கூரையை மெல்ல உயர்த்தினார். தகரம் முனகியது. அத்தை அறுத்து வைத்திருந்த நீளப் பலகைகளைக் கயிறு கட்டி மேலேற்றி, விளிம்பு கீழே வரும்படி நிறுத்தி, ஒன்றோடொன்றும் ஓரத்தூண்களோடும் போல்ட் போட்டு இறுக்கினோம்; அதுதான் புது உத்திரம். தூணை அடியோடு அறுத்தபோது முதல் தூறல் விழுந்தது. "இறக்கட்டுமா?" என்றார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "இறக்குங்கண்ணே" என்றாள். உத்திரம் ஒருமுறை கிறீச்சிட்டது. மயிரிழை தாழ்ந்தது. அப்படியே நின்றது.

மழை கொட்டியது. தகரத்தின் இரைச்சலில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. மாமா நாற்காலியோடு உள்ளே நகர்ந்து வந்தார். தடி தடையில்லாமல் உருண்டு ஏறியது. வாள் அதில் இறங்கியபோது அத்தையின் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். இத்தனை நாளும் அவற்றைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்த மழைக்காலத்தில் அத்தை மில்லுக்குப் போகவில்லை. அதன் பிறகும் போகவில்லை. மழையிலும் அறுத்துத் தருகிறாள் என்று தெரிந்ததும் வேலை வந்து குவிந்தது. கொடுத்த வாக்கு கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஒரு நாள் அவசரம், மறுநாள் காலையில் கரண்ட் இல்லை என்று மத்தியானமும் மெஷின் ஓடியது.

"யம்மா, என் மத்தியானம் எங்க?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வரும்.

"அடுத்த வாரத்திலிருந்துண்ணே!"

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த மத்தியானத்திலும் கொல்லையில் வாள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.