ஜூன் ஒன்றில் பிறந்த ஏழு பேர்

முப்பத்தாறு வயதில் மாலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தவள் நான். பகலில் தொம்மலூரில் ஓர் அலுவலக வரவேற்பில் வேலை. மற்ற பாடங்கள் எப்படியோ ஓடின, நிகழ்தகவுதான் காலை வாரியது. தேர்வு எழுத உள்மதிப்பெண்ணில் இன்னும் ஐந்து தேவை. என்னைவிடப் பத்து வயது சின்னவரான கணக்கு மேடம் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். இருபத்து மூன்று பேர் இருந்தால், அதில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமையப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. விசாரித்து எழுதி வாருங்கள் என்றார். வருடத்தில் அத்தனை நாள் இருக்க, இருபத்து மூன்று பேரிலா? எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனாலும் கை பரபரத்தது.

ஞாயிறு காலை நோட்டோடு மர்பி டவுனில் எங்கள் தெருவில் இறங்கினேன். இட்லி மாவைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் பிறந்தநாளைக் கேட்டேன். நிமிராமலே திருப்பிக் கேட்டார்:

"எது வேணும்? ஸ்கூல்ல குடுத்ததா, அம்மா பெத்ததா?"

"ரெண்டும் வேற வேறயாக்கா?"

"அம்மாவக் கேட்டா, ஏரி ரொம்புன வருசம், அவரைக்கா சீசன்னு சொல்லும். ஸ்கூல் தொறக்குற நாளாச்சேன்னு ஹெட்மாஸ்டர் ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டாரு. ஆதார்லயும் அதான். எழுதிக்கோ."

அடுத்த வீட்டு ஆட்டோக்காரருக்கும் ஜூன் ஒன்று. எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவருக்கும் அதே நாள். "நாங்க ட்வின்ஸும்மா, நடுவுல ரெண்டு வருசம் கேப்பு" என்றார் மூத்தவர், சிரிக்காமல். கதவுக்குக் கதவு என் நடை வேகமானது. இருபத்து மூன்று பேர் முடிந்தபோது ஜூன் ஒன்று மட்டும் ஏழு.

அப்புறம்தான் மேடம் நினைவுக்கு வந்தார். வீட்டில் உட்கார்ந்து நானே எழுதியது என்றுதானே நினைப்பார்? நாலைந்தை மாற்றிவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். ரொம்பிய ஏரியை எப்படி மாற்றுவது? அப்படியே கொண்டுபோனேன்.

மேடம் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிஜமாகவே விசாரித்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். ஹெட்மாஸ்டர் கதையையும் ட்வின்ஸ் கதையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பாதியிலேயே எழுந்துவிட்டார். எல்லா நாளும் சமம் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது, உங்கள் தெருவில் நாட்கள் சமமில்லை, அதைத்தான் பிடித்துவிட்டீர்கள் என்று சாக்பீஸை என் கையில் திணித்தார்.

பலகையில் எழுதிவிட்டு, இங்கே யாருக்கு ஜூன் ஒன்று என்று திரும்பிக் கேட்டேன். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த முகங்கள். நான்கு கைகள் எழுந்தன. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்:

"எனக்கு மே முப்பத்தொண்ணு மேடம். எங்க ஹெட்மாஸ்டர் கொஞ்சம் அவசரக்காரர்."

மேடத்துக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. சிரித்தபடியே போட்டதில், என் தாளில் அந்த ஐந்து கோணலாக விழுந்திருக்கிறது.