பச்சைத் துண்டுக்காரர்

பென்னாகரத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தபோது ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டுவந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, தோளில் பச்சைத் துண்டு. கண்ணாடி மூடியில் பனி படரும்போதெல்லாம், உள்ளே முகம் தெரியும்படி அந்தத் துண்டால் துடைத்துவிடுவார்.

அந்தச் சாவு வீட்டில் உட்கார்ந்து, கனடா போகலாமா என்று, அங்குள்ள வாடகை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தர்மபுரியோடு ஒப்பிட்டுச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பார்க்கிறேன் என்று கேட்டவரிடம் சொன்னேன்.

“அங்கருந்து வூடு வந்துசேர எத்தன நாளாவுங்க தம்பி?” என்று கேட்டார்.

அதை நான் பார்க்கவே இல்லை.

“புள்ளைங்க வெளிநாட்டுல இருந்தா, அவங்க வர்ற வரைக்கும் பெட்டிய எடுக்கமாட்டேங்க.”

நான் கனடா வந்தபிறகு, போன மாதம் அம்மா இறந்தாள். விசா சிக்கலால் கிளம்ப முடியவில்லை. வீடியோ காலில் கண்ணாடி மூடி மங்கலாகத் தெரிந்தது. ஒரு பச்சைத் துண்டு வந்து துடைத்தது. அம்மாவின் முகம் தெரிந்தது.

“கெளம்பிட்டீங்களா தம்பி? பொறுமையா வாங்க, பெட்டி இருக்கட்டும்” என்றார்.