இரண்டுக்கும் இதே போல்

எண் கோட்பாட்டுக்காரர்களான எங்களிடம் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. பகா எண்களில் 2 மட்டும்தான் இரட்டைப்படை. அதனால் அது எப்போதும் தனியாக மல்லுக்கு நிற்கும். மற்றவற்றுக்கெல்லாம் பொறுமையாக நிரூபித்துவிட்டு, "2-க்கும் இதே போல்" என்று ஒரே வரியில் கைகழுவிவிடுவோம். என் பழைய கட்டுரை ஒன்றில் நானும் அப்படித்தான் செய்திருந்தேன்.

என் ஆராய்ச்சி மாணவி கடலூர் முதுநகர்ப் பெண். அவள் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுவதும் அந்தக் கட்டுரையை நம்பித்தான் நின்றது. அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், பொழுது போகாமல் அந்த ஒரு வரியை விரித்து எழுதிப் பார்த்தேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். நிரூபணம் வரவில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று பக்கத்து சீட்டுக்காரர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.

பல்கலைக்கழகத்தில் எங்கள் கணிதத் துறைக்குப் போனதும் அவளைக் கூப்பிட்டேன். தேர்வு நின்றால் அவளுக்குக் கிடைத்திருந்த கல்லூரி வேலையும் போய்விடும். பட்டம் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "அந்த ரெண்டு..." என்று இழுத்தேன்.

"தெரியும் சார். ரெண்டோட மூணாவது அடுக்கு, எட்டு, அங்கியே ஒடைஞ்சுடுது."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத வருஷத்துலேர்ந்து. வந்து கேட்டேனே சார். இதுகூடத் தெரியலன்னா ஆராய்ச்சிக்கு ஏன் வந்தேன்னு எல்லார் முன்னாடியும் கத்துனீங்க. அதுக்கப்புறம் கேக்கல."

எனக்கு நினைவே இல்லை. ஆனால் என் வாய் எனக்குத் தெரியும்; கத்தியிருப்பேன். வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், வெட்கத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தி.

"நாளைக்கு யாராச்சும் கேட்டா?"

"உங்க பேப்பர்ல இருக்குன்னு சொல்லிடுவேன். யாரும் கேக்க மாட்டாங்க சார்."

யாரும் கேட்கவில்லை. அவள் அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டி, "2-க்கும் இதே போல்" என்று படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரும் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கைதட்டினார்கள். கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள். புயல்கூட வேறு பக்கம் போய்விட்டது.

இப்போது அவள் வேறு ஊரில் பேராசிரியை. அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் எழுதி அனுப்ப வேண்டும் என்று வருடா வருடம் நினைக்கிறேன். எழுதினால் அவள் பட்டம் என்னாகும் என்று அவளையே சாக்காக வைத்துத் தள்ளிப்போடுகிறேன்.

போன வாரம், கடலூரில் என் செம்மண்டலத்து வீட்டில் காலைக் காப்பியோடு மின்னஞ்சல் பார்த்தேன். அவளிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள்.

"சார், உங்கள் கட்டுரையில் 2-க்கு எப்படி என்று எனக்குப் புரியவில்லை. மேடத்திடம் கேட்டேன். நல்ல கேள்வி என்றார். உங்களிடமே கேட்கச் சொன்னார்."