பன்னிரண்டாம் எண் வீட்டுச் சுவர்

ஊரில் ஏதோ கொள்ளைநோய் என்றுதான் முதலில் நம்பினேன். பாபநாசம் தாண்டி பஸ் பஞ்சராகி நிற்கிறது. இறங்கிப் பார்த்தால் வாய்க்கால் கரையில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். ஒவ்வொரு சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் ஓர் எண். நோய் கண்ட வீடுகளுக்கு இப்படித்தான் குறிபோடுவார்கள் என்று எனக்கு நானே முடிவுகட்டி, ஐம்பது வயதுக்குரிய கம்பீரத்தோடு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் எண் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கும் பெண், சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறார். நான் இரண்டடி பின்வாங்குகிறேன்.

"எங்க வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டீங்களா சார்?"

"அய்யய்யோ, அது இல்லம்மா. செவுத்துல நம்பர் போட்டிருக்கே, ஏதாச்சும் காய்ச்சலா?"

அவர் சிரிக்கிறார். "காய்ச்சல்னா மாத்திரையாவது குடுப்பாங்க. இது வாய்க்கா பொறம்போக்காம். அடுத்த வாரம் இடிக்க வர்றாங்க."

"இடிக்கிற வீட்டுக்கு எதுக்கும்மா வெள்ளை?"

"பொங்கல் இந்த வாரம்தானே சார்."

எண்ணைச் சுற்றி மட்டும் பழைய அழுக்குச் சுவர் அப்படியே இருக்கிறது. அதையும் கேட்டுவைக்கிறேன்.

"அது அழிஞ்சா, இங்க வீடே இல்லன்னு எழுதிருவாங்க. அப்புறம் மாத்து எடம் யாரு குடுப்பா? மூக்க விட்டுட்டு மொதல்ல குடிங்க."

குடிக்கிறேன். செம்பை வாங்கி வைத்துவிட்டு அவர் மட்டையை எடுக்கிறார். எண்ணைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிட்டு, அடுத்த வாரம் இடியப்போகும் சுவருக்கு இரண்டாம் பூச்சு அடிக்கிறார்.