கப்சிப் அக்கா வைத்த பெயர்கள்

அந்தத் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவளை எல்லோரும் ‘கப்சிப் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். “கொஞ்சம் இப்படித் திரும்புங்க”, “சரி, ஆச்சு.” அவள் பேச்சு அவ்வளவுதான். குடும்பப் படத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கத்தினாலும் கேமராவுக்குப் பின்னால் பேசாமல் நிற்பாள்.

பேசாததையெல்லாம் கணினியில் கொட்டினாள். படங்களைச் சேமிக்கும்போது கேமரா போட்ட எண்ணை அழித்துவிட்டு, தானே ஒரு பெயர் வைப்பாள். ‘மாமனார் மூச்சைப் பிடிச்சுத் தொப்பையை ஒளிக்கிறார்.’ ‘கல்யாணப் பொண்ணு கேக்கையே பாக்குது.’ யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

ஸ்டூடியோவுக்கு அவள் தங்கை ஓர் இணையதளம் செய்து கொடுத்தாள். ஒவ்வொரு படத்தின் கீழும் லென்ஸ், ஷட்டர் வேகம், படத்தின் அளவு எல்லாம் தானாகவே வரும்படி அமைத்தாள்.

“பாக்கிறவங்க அசந்துடுவாங்கக்கா!”

கோப்பின் பெயரும் கூடவே வரும் என்பதை இருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

“ஏம்மா, என் படத்துக்குக் கீழ என்ன போட்டிருக்குன்னு பாத்தியா?”

திறந்து பார்த்தாள். ‘ஊரார் பல்லையெல்லாம் பாக்கிறவர், தன் பல்லைக் காட்ட மாட்டேங்கிறார். ஷட்டர் வேகம் 1/125.’

“மன்னிச்சுக்கங்க டாக்டர், இப்பவே எடுத்துடறேன்.”

“எடுத்துத்தான் பாரேன்! என் பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறா. வர்ற பேஷண்டுக்கெல்லாம் நானே காட்டிட்டிருக்கேன். இத்தனை நக்கலை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே?”

மத்தியானம், தொப்பையை ஒளித்த அந்த மாமனார் நேரிலேயே வந்து நின்றார். “பேரு இருக்கட்டும். படத்தை மட்டும் மறுபடி எடு. இந்தத் தடவை மூச்சை விட்டுட்டே நிக்கிறேன்.”

விஷயம் கேட்டுத் தங்கை பதறிப்போய் ஓடி வந்தாள். “அக்கா, பேரையெல்லாம் மறைச்சிடவா?”

அவள் திரையில் படத்துக்குக் கீழே இருந்த எண்களைச் சுட்டிக் காட்டினாள். “வேணாம். அந்த லென்ஸையும் ஷட்டரையும் வேணா எடுத்துடு. ஒருத்தரும் படிக்கக் காணோம்.”

அதன் பிறகு படம் எடுக்க வந்தவர்கள், உட்காரும் முன்பே கேட்க ஆரம்பித்தார்கள்: “எங்களுக்கு என்னக்கா பேரு வைக்கப்போறீங்க?”

அவள் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, மனதில் தோன்றியதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வாள். குடும்பமே குலுங்கிச் சிரிக்கும். அப்போதுதான் பொத்தானை அழுத்துவாள்.