பதினொரு மாமன் பாட்டு

தர்மராஜைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று திருப்போரூரில் யாரைக் கேட்டாலும், "மைக் செட்டு தர்மாவா? சவுண்டு சுத்தமா இருக்கும்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஐம்பத்தோரு வயது மனிதனைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது அவன் ஸ்பீக்கர் பாக்ஸ்களின் சத்தம் மட்டும். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ரெஜினா. கல்யாணப் பெண்களுக்கும் மஞ்சள் நீராட்டுப் பெண்களுக்கும் மேக்கப் போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம் என்று என்னைப் பற்றியும் ஊரில் ஒரு பேச்சு உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும். இருபது வருடமாக அவன் வெளியே வயர் இழுத்த மண்டபங்களில் நான் உள்ளே ஜடை பின்னியிருக்கிறேன். ஊரெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு கடைசிப் பந்தியில் உட்காருகிற கூட்டம் நாங்கள். சமையல்காரர், போட்டோ எடுக்கிறவர், அவன், நான். ரசம் ஆறிப்போயிருக்கும், பேச்சு மட்டும் சூடாக இருக்கும். அவன் மட்டும் பேசாமல் சாப்பிடுவான்.

ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்டால்தான் அவனுக்கு வாய் திறக்கும். அது அவன் பாட்டுகளை அடுக்கி வைத்திருக்கிற விதம். மற்ற செட்டுக்காரர்கள் படத்தின் பெயரை வைத்தோ பாடியவர் பெயரை வைத்தோ அடுக்குவார்கள். இவன் சொல்லை வைத்து அடுக்குவான். பெயரில் அம்மா என்று இருக்கிற பாட்டெல்லாம் ஓரிடம், அப்பா ஓரிடம். மல்லிகைக்கு ஒன்று, நிலாவுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. ஜனங்கள் அப்படித்தான் கேட்கிறார்கள் என்பான். சாவு வீட்டில் வந்து நிற்கிறவனுக்குப் பாட்டின் பெயரா ஞாபகம் இருக்கும்? "அண்ணாத்த, அம்மா பாட்டு போடு" என்று சொல்லிவிட்டு அழப் போய்விடுவான்.

"பேர்ல அம்மான்னு இருந்தா போதுமா ரெஜினாம்மா? உள்ள இன்னா சொல்றான்னு கேக்க வேணாமா?" என்பான். ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் சேர்ப்பான். தையூர்ப் பக்கம் ஒரு செட்டுக்காரன், பெயரில் அப்பா இருக்கிறதே என்று ஒரு குடிகாரப் பாட்டைப் பிணத்தின் தலைமாட்டில் ஓடவிட்டு, செத்தவரின் மகன்களிடம் செருப்படி வாங்கினான். தர்மராஜுக்கு அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

எல்லாவற்றிலும் பேஜாரு பிடித்தது மாமன் பாட்டு. பத்து பாட்டில் ஒன்பது, ஒரு பெண் தன் ஆளைக் கொஞ்சிக் கூப்பிடுகிற பாட்டாக இருக்கும். சீர்த்தட்டு ஏந்தி வருகிற தாய்மாமனுக்கு அதைப் போட்டால் மண்டபமே சிரிக்கும். அவன் பல வருடம் சலித்துப் பொறுக்கிப் பதினொரு பாட்டு சேர்த்திருந்தான். மாமன் வாசலில் கால் வைக்கும்போது நாதஸ்வரத்தோடு தொடங்குகிற பாட்டு, தட்டுகள் வரிசையாக உள்ளே வரும்போது ஒன்று, மாலை போடும்போது ஒன்று என்று கணக்காக வைத்திருந்தான். அந்தப் பதினொன்றும் தனி பென் டிரைவில் இருந்தன. ஊரான் வீட்டு விசேஷத்துக்கு வேறு நாலைந்து பாட்டைப் போட்டு ஒப்பேற்றுவான்.

"இது பூங்கொடி பொண்ணுக்கு. வேற எங்கயும் போட மாட்டேன்" என்று ஒருமுறை சொன்னான்.

பூங்கொடி அவனுடைய ஒரே தங்கை. அம்மா சின்ன வயதில் போய்விட, அவளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது இவன்தான். திருவிடந்தையில் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது இவனுக்கு முப்பத்தாறு. பெண் பார்க்க யார் போவது? அப்பா காசிநாதன் நல்ல மனிதர், ஆனால் ஒரு காரியத்துக்கும் எழுந்திருக்க மாட்டார். அப்படியே விட்டுப்போயிற்று. வீட்டில் அப்பாவும் இவனும் பாக்ஸ்களும்.

நான்கு வருடத்துக்கு முன் அப்பாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கூட இருந்தது பூங்கொடி. அன்று காலை கோவளத்தில் ஒரு கல்யாணத்துக்கு இவன் ஒத்துக்கொண்டிருந்தான். "போகாதண்ணா" என்று அவள் சொன்னாள். "முகூர்த்தம் முடிஞ்சதும் ஓடியாந்துடறேன்" என்று கிளம்பினான். அவள் இருபத்திரண்டு முறை போன் செய்திருக்கிறாள். பாக்ஸ் பக்கத்தில் நிற்கிறவனுக்குப் போன் அடிப்பது எங்கே கேட்கும்? பதினோரு மணிக்கு அப்பா போய்விட்டார். பன்னிரண்டரைக்கு மேல் செட்டை நிறுத்திவிட்டு இவன் போனைப் பார்த்தான். கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வந்தவனிடம், "உனக்கு ஊரான் வூட்டுக் கல்யாணம்தான பெருசு? இனிமே எங்கூடப் பேசாத" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

நான் ஒருநாள் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறேன். நடு வீட்டில் ஆள் உயரத்துக்கு இரண்டு பக்கமும் பாக்ஸ். நடுவில் ஒரு பாய், ஒரு தலையணை. ஊருக்கெல்லாம் பாட்டு போடுகிறவன் வீட்டில் ஒரு ரேடியோகூடப் பாடவில்லை. "ஏன் தர்மா, உனக்குன்னு ஒரு பாட்டு போட்டுக் கேக்கக்கூடாதா?" என்றேன். "யாருக்கு ரெஜினாம்மா?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

போன மாசி மாதம் பூங்கொடியின் மகள் திவ்யாவுக்கு மஞ்சள் நீராட்டு. ஈ.சி.ஆரில் ஒரு மண்டபம். மேக்கப்புக்கு என்னைத்தான் சொல்லியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு ஆட்டோவில் போய் இறங்குகிறேன், வாசலில் தர்மராஜின் குட்டியானை வண்டி நிற்கிறது! பத்திரிகையில் அவன் பெயர் இல்லையே, சமாதானம் ஆகிவிட்டார்களோ என்று சந்தோஷமாக உள்ளே ஓடினேன். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற சம்பத் என் சந்தோஷத்தில் தண்ணீரை ஊற்றினான்.

"சமாதானமும் இல்ல ஒரு எழவும் இல்ல. மைக் செட்டு மண்டபத்தோட சேத்திதான? வழக்கமா வர்ற ஆள் வேற. தர்மா ஒரு வாரமா எங்கிட்ட வந்து கெஞ்சிகினே இருந்தான், நான் வந்து போடறேன்னு. பொண்ணு வூட்டாருக்கு இன்னும் தெரியாது."

நேராக அவனிடம் போனேன். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. மைக் செட்டுக்கு வருகிறவன் இப்படியா வருவான்?

"இன்னா தர்மா, அவ பாத்தா ரகளை பண்ண மாட்டாளா?"

"பண்ணட்டும்."

"மாமன் மாலை யாரு போடறாங்களாம்?"

"சித்தப்பா பையன் கலையரசன். அவனும் மாமன் முறதான்." வயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பாட்டு யாரோ போட்டுக் கெடுத்துருவாங்க ரெஜினாம்மா. அத மட்டும் நான் போட்டுட்டுப் போய்டறேன்."

அவன் சொன்னதை நான் நம்பவில்லை. பாட்டு போட வருகிறவன் சலவை மடிப்புக் கலையாத வேட்டி கட்டமாட்டான். தங்கை எப்படியும் ஒரு பார்வை பார்ப்பாள், "வாண்ணா" என்று கூப்பிடுவாள் என்று வந்திருக்கிறான். எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தான், பைத்தியக்காரன்.

உள்ளே திவ்யாவுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே சாமி பாட்டு தொடங்கியது, அதே சுத்தமான சவுண்டு. பூங்கொடி சேலை மடிப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"யாருக்கா மைக் செட்டு?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வராது. "உங்க அண்ணன்தான்" என்றேன்.

திவ்யா சட்டென்று தலையைத் திருப்பினாள், பொட்டு கோணிக்கொண்டது. "மாமா வந்துகீறாரா?" என்றாள். சேலையைக் குத்த ஊக்கை எடுத்த பூங்கொடி விரலில் குத்திக்கொண்டாள். ரகளை எதுவும் பண்ணவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பத்து மணிக்குச் சீர் வந்தது. வாசலில் கலையரசன் மாலையும் கையுமாக நிற்க, அவன் பின்னால் பெண்கள் தட்டுகளோடு வரிசையாக நின்றார்கள். நாதஸ்வரத்தோடு தொடங்குகிற அந்தப் பாட்டு எழுந்தது. என்ன சொல்ல! மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் தன்னால் வாசலைப் பார்த்துத் திரும்பினார்கள். அப்படி ஒரு சத்தம், காதைக் குத்தாமல், நெஞ்சு நிறைய. இரண்டாவது பாட்டில் தட்டுகள் உள்ளே நுழைந்தன. மைக் செட்டு மேஜையைத் தாண்டும்போது கலையரசன் நின்றுவிட்டான். அவன் வெள்ளை மனசுக்காரன். மாலையை அப்படியே தர்மராஜ் பக்கம் நீட்டினான்.

"நீ கீறப்ப நான் போடறது நல்லாவா இருக்கும்? புடிண்ணா. நீ போய்ப் போடு."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இருநூறு பேரும் இவர்களைப் பார்த்தார்கள். தர்மராஜ் மாலையை வாங்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேடையைப் பார்த்தான். மேடையில் மகள் பக்கத்தில் பூங்கொடி. கர்த்தரே, இந்த ஒரு தடவை என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரு தலையசைப்பு போதும், அவன் பறந்து வந்திருப்பான்.

அவள் புருஷனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "நேரம் ஆவுது. கலையரசன வரச் சொல்லுங்க."

தர்மராஜ் கலையரசனின் கையை மெல்லத் தள்ளிவிட்டான். "போடா, நல்ல நேரம் போவுது பார்" என்றான். பாட்டின் சத்தத்தைக் குறைத்து மைக்கை எடுத்தான். எங்கள் பக்கம் மாலை போடும்போது மைக் செட்டுக்காரன்தான் அறிவிக்க வேண்டும். வேறு யாரையாவது கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

"இப்போது பெண்ணின் தாய்மாமன் கலையரசன் அவர்கள் மாலை அணிவிக்கிறார். உறவினர்கள் அனைவரும் வாழ்த்துமாறு கேட்டுக்கொள்கிறோம்."

குரல் நடுங்கவில்லை. ஒரு எழுத்து பிசகவில்லை. பிறகு மிச்சமிருந்த பாட்டுகளை ஒன்றுவிடாமல் வரிசையாகப் போட்டான். பதினொன்றும் முடிந்ததும் செட்டை நிறுத்திவிட்டான்.

எல்லாரும் பந்திக்குப் போனார்கள். இவன் சாப்பிட வரவில்லை. சமையல்கட்டுப் பின்புறம் வண்டியை விட்டு, பாக்ஸை ஏற்றிக்கொண்டிருந்தான். நான் பின்வாசற்படியில் நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் பூங்கொடி வந்தாள். கையில் ஒரு தட்டு. சோறு, சாம்பார், ரெண்டு வடை, கிண்ணத்தில் பாயசம்.

"குடுக்கா" என்று என் கையில் திணித்தாள்.

அவனுக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி இல்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, மறுபேச்சு இல்லாமல் சாப்பிட ஆரம்பித்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை போலிருக்கிறது.

"வடை இன்னொண்ணு வேணுமான்னு கேளுக்கா" என்றாள்.

"போதும்னு சொல்லு ரெஜினாம்மா" என்றான்.

நான் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. எல்லாம் இருவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. இன்னும் ரெண்டு வார்த்தை, அப்புறம் நேராகவே பேசிவிடுவார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அப்பா எத்தினி வாட்டி கேட்டாரு தெரியுமான்னு கேளுக்கா. தர்மா வந்துட்டானா, தர்மா வந்துட்டானான்னு. வந்துகினே கீதுப்பா, வந்துகினே கீதுப்பான்னு நான் பொய் சொல்லிகினே இருந்தேன். கடைசி வரைக்கும் கதவப் பாத்துகினே போச்சு."

தர்மராஜின் கை சோற்றில் நின்றது. இதை அவன் இதுவரை கேட்டதில்லை. அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணன் மூஞ்சப் பாத்தா எனக்கு அந்தக் கதவுதான்க்கா தெரியுது. நான் இன்னா பண்ணட்டும்? என்னால முடியல. முடியலன்னு சொல்லுக்கா." முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அழுதுகொண்டே நின்றாள், உள்ளே போகவும் இல்லை, படி இறங்கவும் இல்லை.

அவன் குனிந்த தலை நிமிராமல் மிச்சத்தையும் சாப்பிட்டான். ஒரு பருக்கை விடவில்லை. பாயசத்தை வழித்துக் குடித்தான். எழுந்து போய்க் குழாயடியில் தட்டையும் கிண்ணத்தையும் அவனே கழுவி, வேட்டி முனையில் துடைத்து, என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"சாப்பாடு நல்லா இருந்துதுன்னு சொல்லு" என்றான்.